திரைவழித் துணை போதுமா?

கேள்வி: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தால் தவிக்கும் என் தம்பி, இணையவழிப் பயிற்சியே போதும் என்கிறான். அதனால் பயன் உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்டு, சகோதரி. மனச்சோர்வுக்கென்று பொதுவாக அமைந்தவற்றைக் காட்டிலும், அந்த விபரீத எண்ணத்தையே நேருக்குநேர் எதிர்கொள்ளக் கற்பிக்கும் பயிற்சிகள் அதனைச் சற்றே தணிக்கின்றன என்பது ஆராய்ச்சிகளின் சாரம். ஆயினும், நள்ளிரவிலும் விழித்திருக்கும் சாமர்த்தியம் படைத்த யந்திரத்துக்குத் தோளில் கைவைக்கும் பாக்கியம் வாய்க்கவில்லையாதலால், அது மட்டும் போதாது. பயிற்சியை அவன் தொடரட்டும். நீங்களோ அவ்வெண்ணத்தைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள், கேட்பதனால் அது வளர்வதில்லை. பூச்சிமருந்து, மாத்திரை முதலியவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அபாயம் நெருங்கினால், அவனைத் தனியே விடாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.