சம்பள நாளும் நமது முன் தட்டும்



வட்டவளையில் கடை வைத்திருப்பவனுக்கு மாதத்தில் இரண்டு நாட்கள்தான் நாட்கள். ஒன்று பத்தாம் திகதியை ஒட்டி வரும் சம்பள நாள். மற்றது அட்வான்ஸ் நாள். மீதி நாட்களில் மழையைப் பார்த்துக்கொண்டு கடன் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்போம்.

அப்படியொரு சம்பள நாளில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் மகனோடு வந்தார். மா, அரிசி, பருப்பு, கருவாடு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பையன் கைகாட்டிய பெரிய சோடாப் போத்தலையும் பிஸ்கட்டையும் எடுத்தார். பிறகு, "பருப்பு அரைக் கிலோ போதும் நானா, மிச்சத்த கொப்பியில போடுங்க" என்றார்.

அவர் போனதும், "இவர்களுக்குச் செலவழிக்கத் தெரியாது" என்று கடைப் பையனிடம் சொன்னேன். நம்மில் பலர் சொல்வதுதான். ஆனால் அந்தப் போத்தலைப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வைத்தது யார்? நான்தான். கம்பனி ஏஜன்ட் இலவசமாக ஸ்டாண்ட் தந்தார், கழிவும் தந்தார். பருப்பு மூட்டை உள்ளே இருட்டில் கிடந்தது.

ஜெர்மனியின் ஏர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற புள்ளிவிபர அறிஞர் 1857இல் தொழிலாளர் குடும்பங்களின் செலவுகளை ஆராய்ந்து ஒரு விதி சொன்னார். (மார்க்ஸின் நண்பர் ஏங்கெல்ஸ் வேறு ஆள்.) வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதே அது. அப்படியானால் வசதியுள்ளவன் நூறு ரூபாவை வீணாக்கினால் சேமிப்பில் குறையும். ஏழை வீணாக்கினால் சட்டியில் குறையும்.

நமது வாடிக்கையாளரின் வருமானத்தையும் பாருங்கள். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அன்று டொலர் சுமார் 200 ரூபா. அடுத்த வருடமே அது 360ஐத் தொட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. சம்பளம் 1350 ஆனது 2024 செப்டெம்பரில்தான். அந்தக் கணக்கில் 20 நாள் முழுப்பேர் விழுந்தால் 27,000. ஈ.பி.எப். 8 வீதம், அதாவது 2,160 போனால் 24,840. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்களை இதில் நான் சேர்க்கவில்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில்தான் ஊக்கத்தொகையோடு 1750 ஆக்குவதாக அறிவிப்பு வந்தது.

உலகத்து ஏழைகள் என்றால் நமக்குத் தூரத்து நாடுகள்தான் ஞாபகம் வரும். ஜும்ஆவில் வசூல் வந்தால் கொடுக்கிறோம், நல்லது. ஆனால் நெருக்கடிக்குப் பிறகு, 2023இல், நமது தோட்டப் பகுதி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி சொன்னது. உலகத்து ஏழை லயத்திலிருந்து இறங்கி நம் கடைக்கே வருகிறார்.

நான் செய்தது பெரிய காரியமல்ல. ஸ்டாண்டை உள்ளே தள்ளினேன். அரிசி, பருப்பு, கருவாட்டை முன்னுக்குக் கொண்டு வந்தேன். என் கடையில் பால்மாவையும் சவர்க்காரத் தூளையும் விலையைக் கிராமால் பிரித்துப் பார்த்தேன். சிறிய பக்கட்டில் கிராமுக்குக் கூடுதல் விலை. கையில் காசில்லாதவர்தான் சிறியதை வாங்குகிறார். ஆகவே பருப்பையும் சீனியையும் 100 கிராம் கேட்டாலும் கிலோ விலைக்கே நிறுத்துக் கொடுக்கிறேன். சோடாவும் பிஸ்கட்டும் கடனுக்கு இல்லை என்றேன். ஏஜன்ட் கோபித்துக் கழிவை நிறுத்தினார். இலாபம் குறைந்தது என்பதையும் ஒளிக்க மாட்டேன்.

அதே அக்கா ஒரு நாள் கேட்டார்: "ஏன் நானா, எங்க புள்ளைங்க பிஸ்கட் திங்கக் கூடாதா?" எனக்குப் பதில் வரவில்லை. எதை வாங்க வேண்டும் என்று அவருக்குக் கட்டளையிட நான் யார்? இப்போது பிள்ளைகளுக்குச் சிறு பிஸ்கட் பக்கட் மட்டும் கொப்பியில் எழுதுகிறேன்.

நோன்பு வந்தது. சரக்கை அன்றைய சந்தை விலையில் மதித்து இரண்டரை வீத ஸகாத் கணக்குப் பார்க்கும்போது ஒரு யோசனை வந்தது: வராக் கடன்களை வெட்டிவிட்டு அதையே ஸகாத் என்று எழுதினால் என்ன? மௌலவியிடம் கேட்டேன். நமது மத்ஹபில் அது செல்லாது, ஸகாத் முஸ்லிம் ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார். தோட்டத்து ஏழைக்குச் சதகா கொடுக்கலாம், கடனை மன்னிக்கலாம், அது தனி நன்மை, ஸகாத்தில் கழியாது என்றும் சொன்னார். வியாபாரி மூளை எங்கெல்லாம் போகிறது பாருங்கள்!

கொப்பியைத் திரும்ப வைக்க லாச்சியைத் திறந்தபோது மகளின் வலீமாவுக்கு மேடை சோடித்த பில் கிடந்தது. ஒரு இரவுப் பூவும் விளக்கும். கொப்பியிலிருந்த 31 குடும்பங்களின் கடனையும் கூட்டிப் பார்த்தேன். பில்தான் பெரியது.

ஸகாத்தைத் தனியாகக் கொடுத்தேன். கொப்பியில் ஒன்பது பேருடைய பக்கங்களை அன்றிரவே வெட்டினேன். மற்றவர்களுக்குத் தவணை கொடுத்திருக்கிறேன்.