காணாமற்போன மாணவரும் சர்வதேச நியாயஸ்தலமும்

ஓர் அரசாங்கம் தன் குடிமகனுக்கு இழைத்த அநீதியை அவ்வரசின் எல்லைக்கு அப்பாலுள்ள நியாயஸ்தலமொன்றில் முறையிடுதல் எங்ஙனம் கூடும்? மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டுராஸ் தேசத்து வழக்கொன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1981ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், மான்ஃப்ரெதோ வெலாஸ்கெஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் தெகுசிகல்பா நகரில் ஆயுதந் தாங்கியோரால் பிடித்துச் செல்லப்பட்டார். பின்னர் அவரைக் கண்டாரில்லை. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நியாயஸ்தலம் கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரில் உளது. அரசு தானே இசைந்தாலன்றி அந்நியாயஸ்தலம் அதனை விசாரிக்க இயலாது. ஹொண்டுராஸ் இசைவு தந்ததோ, மாணவர் மறைவதற்கு மூன்றே நாள் முன்னர்!

தனி மனிதர் நேரே அங்குச் செல்லவும் இயலாது. வாஷிங்டனிலுள்ள மனித உரிமை ஆணைக்குழுவிடமே விண்ணப்பித்தல் வேண்டும். அதற்கு முன்னர்ச் சொந்த தேசத்து நீதிமன்றங்களில் பரிகாரம் தேடியிருத்தல் வேண்டுமென்பது விதி. நியாயமான விதியே; தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள அரசுக்கு வாய்ப்பளித்தல் முறையன்றோ? வெலாஸ்கெஸின் பொருட்டு மூன்று ஹேபியஸ் கார்பஸ் மனுக்களும் இரண்டு குற்ற முறையீடுகளும் கொடுக்கப்பட்டன, ஒன்றும் பயன்தரவில்லை. எனினும், எல்லா வழிகளும் முயலப்படவில்லையென அரசு வாதித்தது. சிறைப்பட்ட இடத்தைக் குறித்தாலன்றி மனு செல்லாதெனில், மறைவிடத்தில் வைக்கப்பட்டவருக்கு அது பரிகாரமாகாது என்றனர் நீதிபதிகள்.

1981இல் கொடுத்த விண்ணப்பம் 1986இல் தான் சான் ஹோசேயை அடைந்தது. விசாரணை நடக்கையிலேயே, 1988 ஜனவரியில், சாட்சி சொன்ன ஒருவரும் சாட்சிக்கு அழைக்கப்பட்ட ஒருவரும் கொல்லப்பட்டனர்.

இனி, நிரூபணம் எங்ஙனம்? மாணவ நண்பர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது இதுவே. ஆளை மறைப்போர் அத்தாட்சியையும் மறைப்பர். ஆதலின் நீதிபதிகள் முதலில், 1981 முதல் 1984 வரை அந்நாட்டில் 100 முதல் 150 பேர் ஒரே விதமாய் மறைந்தமையைத் துணிந்து, பின்னர் இம்மாணவரின் மறைவு அவ்வழக்கத்தோடு பொருந்துதலைக் கண்டனர். அரசின் வசமுள்ள அத்தாட்சியை மனுதாரர் காட்டவில்லையென அரசே சொல்லித் தப்பவொண்ணாது. செய்தவர் இன்னாரெனத் தெரியாவிடினும், உண்மையாக விசாரியாத அரசு பொறுப்பாளியே.

1988 ஜூலை 29இல் தீர்ப்பு வந்தது. மறுவருடம் மனைவி மக்களுக்கு 7,50,000 லெம்பிரா நஷ்டஈடு விதிக்கப்பட்டது. அவர் கதி அறியப்படாதிருக்குமளவும் விசாரிக்கும் கடமை அரசைவிட்டு நீங்காதென்பதையும் தீர்ப்பிலேயே எழுதிவைத்தனர்.