கூட்டத்தில் பேசுதல்

சிறுபோகக் கூட்டத்தில் கமக்கார அமைப்பின் பிரதிநிதி ஒருவருக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்களுக்கு நீர்ப்பங்கு கிடைக்குமா என்பது சில வேளைகளில் அந்நிமிடங்களிலேயே முடிவாகிறது. ஆயினும் நம்மவர் பலர் மேடையில் இருப்போரை ஒவ்வொருவராக விளித்தே நேரத்தைப் போக்குகின்றனர். அனைவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போதும். எந்த அதிகாரியும் கோபிக்கமாட்டார்.

பண்டைய உரோமர் பேச்சுக்கலையை ஐந்தாக வகுத்தனர்: பொருள் தேடல், ஒழுங்குபடுத்தல், சொல் தெரிதல், நினைவில் இருத்தல், வெளிப்படுத்தல். நாம் இடறுவது முதலாவதிலேயே. 'தண்ணீர் தாருங்கள்' என்பது வெறும் முறையீடு. குளத்தில் இன்று எத்தனை அடி நீர் உண்டு, அதைக்கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எமது வாய்க்காலில் எத்தனை குடும்பங்கள், சென்ற சிறுபோகத்தில் விதைக்க முடியாதோர் எத்தனை பேர் என்பவற்றை நீர்ப்பாசன உத்தியோகத்தரிடமும் வட்டவிதானையிடமும் முன்னரே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பின்பு கோரிக்கையை ஒரே வசனத்தில் எழுதுங்கள். "மூன்றரை மாத நெல்லை விட்டு எல்லோரும் பிஜி 300 போன்ற மூன்று மாத நெல்லை விதைப்போம், மிச்சமாகும் இரு வார நீரைக் கடைசி வாய்க்காலுக்கு விடுவோம்." இதை முதலிற் சொல்லுங்கள். காரணங்கள் பின்னால் வரட்டும். எம்மிடையே பிரசங்க மரபு பலமானது. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய பிரசங்கங்கள் அதற்குப் பெரும் ஊக்கம் அளித்தன. அம்மரபில் பொருளை மெல்ல மெல்ல விரிக்கலாம். கூட்டத்திலோ, விரித்து முடிக்குமுன் தலைவர் மணி அடித்துவிடுவார்.

யாருக்குப் பேசுகிறோம் என்பதே முக்கியம். பலர் பொறியியலாளரையே பார்த்துப் பேசுகின்றனர். ஆனால் தீர்மானத்துக்குக் கை உயர்த்துவோர் உங்களுக்குப் பின்னால் இருக்கும் கமக்காரர். நீரை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் தலைவாய்க்கால் வயற்காரர். ஆகவே அவர்கள் பக்கம் திரும்பிப் பேசுங்கள். சென்ற முறை அவர்கள் செய்த உதவி ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முழுப் பேச்சையும் எழுதி வாசிக்க வேண்டாம். எண்களை மட்டும் சிறு கடதாசியில் வைத்திருங்கள். முதல் நாள் இரவு வீட்டாருக்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள். "மூன்று மாத நெல்லில் விளைச்சல் குறையுமே" என்று எவராவது எழுந்து கேட்பது நிச்சயம். அதற்கான பதிலைக் கூட்டத்துக்கு முன்னரே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வைத்திருங்கள்.