கூண்டை அடைத்தால் பொறுப்பு நம்முடையது

 

பென்னலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று எந்தப் பக்கம் போனாலும் தொழிற்சாலைகள்தான். நம்மில் பலர் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள். ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் நாலு நாட்டுக்கோழி, மொட்டைமாடியில் சில ஜோடிப் புறா என்று வளர்க்கும் ஆசை நம்மை விட்டுப் போகவில்லை. மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. சிறுவர் அபூ உமைர் (ரலி) வளர்த்த சின்னக் குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை புகாரியில் காண்கிறோம்.

ஆனால் அதே புகாரியில் பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் செய்தியும் இருக்கிறது. அவள் தண்டிக்கப்பட்டது பூனை வளர்த்ததற்காக அல்ல. அவளும் உணவு கொடுக்கவில்லை, அது தானே இரை தேடிக்கொள்ளவும் விடவில்லை. யோசித்துப் பாருங்கள்! திறந்துவிட்ட கோழி குப்பையைக் கிளறியாவது பிழைத்துக்கொள்ளும். கூண்டை அடைத்த நிமிடமே அதன் இரையும் தண்ணீரும் நம் பொறுப்பாகிவிடுகின்றன.

காலை ஷிஃப்டுக்குப் போனவர் ஓவர்டைம் முடித்து இரவில் திரும்புகிறார். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், கவிழ்ந்த தண்ணீர்க் கிண்ணத்தோடு கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைக்கின்றன. ‘மறந்துவிட்டேன்’ என்பது பதிலாகுமா? கவிழாத பாத்திரம், நிழல், நாம் இல்லாதபோது பார்த்துக்கொள்ள ஒரு ஆள் – இவை மூன்றும் வேண்டும். பராமரிக்க முடியாதவர் விற்றுவிட வேண்டும் அல்லது அறுத்துவிட வேண்டும் என்பது ஃபிக்ஹ் சட்டம்.

அடுத்து, நோய். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நோய் வரும் முன்பே போட வேண்டிய ஊசி இது. ஒரு கோழி செத்ததும் மீதியை அவசரமாக விற்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம் என்று வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே, அந்த எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். செத்த கோழியை ஏரிக்கரையில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

புறா வளர்ப்பவர்களே! முட்டைக்கும், குஞ்சுக்கும், மனத்துணைக்கும் புறா வளர்ப்பது ஆகும் என்கிறார் இமாம் நவவீ (ரஹ்). பந்தயம் கட்டிப் பறக்கவிடுவது சூதாட்டம், அது ஹராம். அடுத்தவர் புறா நம் கூட்டத்தோடு வந்து இறங்கினால், ‘தானாக வந்தது’ என்று வைத்துக்கொள்ளக் கூடாது. உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது கடமை. எச்சத்தின் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, முகத்தை மூடிக்கொண்டு கூட்டுங்கள். அது அண்டை வீட்டார் மாடிக்குப் போகாமல் பார்ப்பது அவர்களின் உரிமை சார்ந்த விஷயம்.

சேவல்களை மோதவிடுவதை மார்க்கமும் தடுக்கிறது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது. அறுக்கும்போது கத்தி கூர்மையாக இருக்கட்டும். கோழியின் கண்முன்னே தீட்டாதீர்கள், மற்றக் கோழிகள் பார்க்க அறுக்காதீர்கள்.

இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் முதலில் கூண்டருகே போங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சி நடக்கும் நல்லடியார்களாக அவன் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.