பழைய இரும்பில் அரிவாள்: கவனிக்க வேண்டியவை

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் துண்டெல்லாம் அரிவாளுக்கு ஆகாது. ஆங்கிள் இரும்பில் கரிச்சத்து குறைவு; எவ்வளவு தீட்டினாலும் முனை மழுங்கிவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் கரி சுமார் 0.5 முதல் 0.6 சதம் உண்டு. அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் ஏற்றது இதுவே.

சந்தேகமிருப்பின் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பார்க்கலாம். மெது இரும்பு நீண்ட கோடுகளாகப் பொறி விடும். கரி மிகுந்த எஃகின் பொறி மத்தாப்பூப் போல் கிளைத்துச் சிதறும். இன்னும் உறுதி வேண்டுமாயின், சிறு துண்டைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தி, ஆறியபின் சாக்கில் சுற்றிச் சுத்தியால் அடிக்க வேண்டும். வளைந்தால் மெது இரும்பு. படீரென ஒடிந்தால் நல்ல எஃகு. சாக்கில்லாமல் அடித்தால் சில்லு கண்ணில் பாயும்.

துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய், வேலிக்கம்பி, தகடு ஆகியவற்றை உலையில் வைக்கவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். உலைச்சூடு அதற்கும் மேல். வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தே குளிரும் காய்ச்சலும் வரும். மலேரியா என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கையே. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பூச்சைச் சுரண்டிப் பயன்படுத்துவதினும் அத்துண்டைத் தள்ளிவிடுவதே நலம்.

இருபுறமும் மூடிய குழாய், வண்டியின் ஷாக் அப்சார்பர் போன்றவை சூட்டில் வெடிக்கும். பூச்சிமருந்து டின்னையும் தொடக்கூடாது.

ஸ்பிரிங் பட்டையில் மயிரிழை விரிசல் இருந்தால் அடிக்கும்போது பிளக்கும். அதைத் தண்ணீரில் தோய்த்தாலும் வெடிக்கக்கூடும். எண்ணெயில் தோய்க்குமாறு கொல்லரிடம் சொல்வது நல்லது.