மறுவாரம் மறந்துபோகும் பின்னம்

கேள்வி: தரம் 5இல் பின்னம் கற்பிக்கிறேன். சொல்லும்போது தலையாட்டுகிறார்கள், மறுவாரம் கேட்டால் முழிக்கிறார்கள். பயிற்சியில் படித்த அறிகைக் கற்றல் கொள்கை தோட்டப் பாடசாலையில் கைகொடுக்குமா?
– ஆசிரியை, இறக்குவானை

கைகொடுக்கும் டீச்சர். அந்தக் கொள்கையில் உங்களுக்கு வேண்டியது இதுதான்: கற்றதை நினைவிலிருந்து எடுக்க எடுக்க அது நிலைக்கும். அதனால் விளக்கத்தைக் கூட்டாதீர்கள், கேள்வியைக் கூட்டுங்கள். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் அமெரிக்க மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம்தான் நினைவிருந்தது. வாசித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஆகவே முதல் ஐந்து நிமிடம் கொப்பியை மூடச் சொல்லிப் போனவாரக் கணக்கில் இரண்டைப் போடவையுங்கள். புள்ளி வேண்டாம், புள்ளி வந்தால் பயமும் வரும். நேரமில்லை என்று அதிபர் முணுமுணுத்தால், அதே பாடத்தை மூன்றாம் முறை நடத்த முழுப் பாடவேளை போகிறதே என்று சொல்லுங்கள்.

‘அடிப்படையே இல்லாத பிள்ளைகள் எதை நினைவுகூர்வது?’ என்பீர்கள். இருக்கிறது. அம்மாவுக்கு இன்று முழுப் பேரா, அரைப் பேரா (முழுநாள் கூலியா, அரைநாள் கூலியா) என்று லயத்துப் பிள்ளைக்குத் தெரியும். மூன்று அரைப் பேர் சேர்ந்தால் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு 3/2 என்று எழுதுங்கள். அந்த இணைப்பு தானாக வராது. பிரேசிலின் ரெசிஃபேயில் தெருவியாபாரச் சிறுவர்கள் விற்கும்போது 98 சதவீதம் சரியாகச் சொன்ன கணக்கை, வெறும் எண்களாகக் கொடுத்ததும் 37க்கு இறங்கிவிட்டார்கள் (1985, சிறிய ஆய்வுதான்). அதனால் பேரோடு நிற்காமல் கால் றாத்தல் பாணுக்கும், அப்புறம் வெறும் எண்ணுக்கும் போங்கள். புலமைப்பரிசில் வினாத்தாளில், பேர் பதியும் தோட்டத்துச் செக்ரோல் வராது.