அம்மா சொன்ன சத்தம்

அம்மாவுக்கு இடது கண் சிவந்தபோது மெட்ராஸ் ஐ என்றே நினைத்தோம். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டோம். ஒரு மாதமாகியும் சிவப்பு போகவில்லை, பீளையும் இல்லை. "ராத்திரி படுத்தா காதுக்குள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னு கேக்குதுப்பா" என்று அம்மா சொன்னதை, வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றபோதுதான் பதறிப்போய்ப் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே டாக்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு அதை என் காதில் மாட்டினார். நாடித்துடிப்புக்கு ஒன்றாக உஸ்... உஸ்... அம்மா சொன்ன அதே சத்தம்.

கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைப்பகுதி இருக்கிறது. தமனியோ அதன் நுண்கிளைகளோ நேராக அதற்குள் திறந்துகொண்டால், அழுத்தம் மிகுந்த ரத்தம் கண்ணின் சிரைகளுக்குள் எதிர்த்துப் பாயும். அம்மாவுக்கு நடந்ததும் அதுதான். தலையில் அடிபட்டும் இது வரும்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடிபடாமலும் வரும்.

சிகிச்சைக்காகத் தலையைத் திறக்கவில்லை. தொடையிடுக்கில் ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாயைச் சிரை வழியே மேலேற்றி, அந்தச் சிரைப்பகுதியைப் பிளாட்டினம் சுருள்களால் அடைத்தார்கள். மாஸ்கோவில் செர்பினென்கோ என்ற மருத்துவர், ரத்தக்குழாய் வழியாகவே பலூன் அனுப்பி மூளை ரத்தக்குழாய்களை அடைத்த அனுபவத்தை 1974-லேயே எழுதியிருக்கிறார். அந்த வழியின் தொடர்ச்சிதான் இது.

மறுநாள் காலை அம்மா சொன்ன முதல் வார்த்தை, "சத்தம் நின்னுருச்சுப்பா."

நாங்கள் கற்றுக்கொண்டவை:

• ஒரு கண் மட்டும் சிவந்து, பீளை இல்லாமல், இரண்டு வாரம் தாண்டினால் சொட்டு மருந்தோடு நிற்காதீர்கள். கண் பிதுங்கினாலோ பார்வை இரட்டித்தாலோ அன்றே போங்கள்.

• ஸ்கேனில் தெளிவாகத் தெரியாததும் ஆஞ்சியோகிராமில் தெரியலாம். அதைச் செய்யச் சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

• சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

• சிகிச்சைக்குப் பின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருப்பது அவசியம்.

• இரட்டைப் பார்வை உடனே சரியாகாது. அம்மாவுக்கு மூன்று மாதமானது. மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

மருந்துக்கடையில் கண்ணைப் பற்றி மட்டுமே சொன்னோம். காதில் கேட்ட சத்தத்தைச் சொல்லவே இல்லை. நோயாளி சொல்வது எதுவானாலும், அவர் வாயால் சொன்னபடியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.